‘மாமா’ என்று அடுக்க முடியாத எழுத்துப் பெட்டி

கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு, மன்னார் எங்கே போனாலும், புத்தகக்கடையில் முன்பள்ளிச் சாமான்கள் தொங்கும் பக்கத்தில் இந்தப் பெட்டி இருக்கும். தமிழ் எழுத்து அட்டைகள் 247: உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. மேலே எழுத்து, கீழே படம், மினுங்கும் லாமினேட். பெட்டியின் பெயர் மாறும், உள்ளே இருப்பது பெரிதாக மாறாது. வாசிக்கத் திணறும் பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிக்கும் தாய் தகப்பன் பெரும்பாலும் முதலில் வாங்குவது இதைத்தான். அந்தப் பிள்ளைகளை மனதில் வைத்தே இங்கே பார்க்கிறோம்.

வாங்கலாம். ஆனால் 247 அட்டையையும் பிள்ளைக்கு முன்னால் கொட்டக் கூடாது. எப்படியும் வாசிக்கப் பழகிவிடும் பிள்ளைக்காகச் செய்த சாமான் இது. திணறும் பிள்ளைக்கு இதில் முக்கால்வாசி அதிகம், மிச்சம் போதாது.

போதாமைதான் பெரிய குறை. எல்லா எழுத்திலும் ஒவ்வொரு அட்டைதான் உண்டு. ‘மாமா’ என்று அடுக்க இரண்டு ‘மா’ வேண்டும், பெட்டியில் ஒன்றுதான். ‘தாத்தா’, ‘பாப்பா’வுக்கும் அதே கதி. ‘அம்மம்மா’வுக்கு இரண்டு ‘ம்’ வேண்டும். ‘பம்பரம்’ அடுக்க ‘ப’வும் இரண்டு, ‘ம்’மும் இரண்டு. வீட்டில் பிள்ளை அதிகம் கேட்கும் சொற்களையே அடுக்க முடியாவிட்டால், அட்டை காட்டிப் பெயர் கேட்கும் விளையாட்டாகத்தான் இது முடியும். அது வாசிப்பு அல்ல. ஜ, ஷ, ஸ, ஹ எழுத்துகளும் இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளில் எத்தனை பேரின் பெயரில் ‘ஷ’வோ ‘ஜ’வோ வருகிறது! தன் பெயரை அடுக்க முடியாத பெட்டியில் பிள்ளைக்கு ஆசை வராது.

இந்தக் குறையைக் கையால் தீர்க்கலாம். ஒரு வெள்ளை பிறிஸ்டல் போட் வாங்கி, 6 சென்ரிமீற்றர் சதுரமாக அடிமட்டம் வைத்து வெட்டினால் எண்பது அட்டைக்குக் குறையாது. ம், ட், ப், க், த், ல், ன் ஒவ்வொன்றிலும் இரண்டு, ப, மா, பா, தா ஒவ்வொன்று, பிள்ளையின் பெயரிலுள்ள எழுத்துகள் முழுவதும். எல்லாம் கறுப்பு மார்க்கரால், ஒரே தடிப்பில் எழுத வேண்டும். பெட்டியில் ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு நிறத்தில் இருப்பது அழகுதான், ஆனால் பிள்ளை ‘சிவப்பு அட்டை என்றால் ப’ என்று நிறத்தைப் பாடமாக்கிக்கொள்ளும். புத்தகத்தில் ‘ப’ கறுப்பாக வந்ததும் நின்றுவிடும்.

படங்களாலும் இதே தொல்லை. ‘அ’ அட்டையில் அணில். பிள்ளை அணிலைப் பார்த்துவிட்டு ‘அணில்’ என்று சொல்லும், எழுத்தைப் பார்க்கவே பார்க்காது. இரண்டாம் நாளே படத்தின் மேல் வெள்ளை ஒட்டுத்தாள் ஒட்டி மறைத்துவிடுங்கள். இந்தியாவில் அச்சான பெட்டி என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘சா’வுக்குச் சாவி, ‘நா’வுக்கு நாற்காலி, ‘மு’வுக்கு முறம் என்று படம் இருக்கும். எங்கள் பிள்ளை திறப்பு, கதிரை, சுளகு என்றுதான் சொல்லும். பிள்ளை சொன்னது சரியான சொல், பிழை அட்டையில்தான். அதற்குப் போய் ‘பிழை’ என்று சொன்னால் அடுத்த அட்டைக்கு வாயே திறக்காது.

வாங்குவதற்கு முன் கடையிலேயே பெட்டியைத் திறந்து ‘ர’ அட்டையையும் ‘கா’ அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில அச்செழுத்துகளில் ‘ர’வின் கீழ்ச்சாய்வு சிறுத்து, அரவும் (‘ா’ குறி) ரகரமும் ஒன்றுபோலத் தெரியும். ‘மரம்’ என்பதைப் பிள்ளை ‘மாம்’ என்று வாசிப்பது பல நேரம் இதனால்தான். அச்சு அப்படி இருந்தால் வேறு பெட்டி எடுங்கள். வேறு இல்லையென்றால் ‘ர’வின் காலை மார்க்கரால் நீட்டிவிடலாம்.

லாமினேட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பிளாஸ்ரிக் ஓரம் கடதாசியோடு ஒட்ட வெட்டப்பட்டிருந்தால் மாரி மழை தொடங்கியதும் ஈரம் ஏறிப் பிளக்கும். கடதாசிக்கு வெளியே 3 மில்லிமீற்றர் விளிம்பு இருந்தால் நிற்கும். யன்னல் வெளிச்சம் பட்டு மினுங்கினால் எழுத்துத் தெரியாது, அட்டையில் மினுக்கம் விழாதபடி பிள்ளையை இருத்துங்கள்.

இனிப் பாவிக்கும் முறை. முதலில் ஐந்தே ஐந்து அட்டை: ப, ட, ம, ட், ம். மற்றவற்றைக் கண்ணில் படாமல் பூட்டி வையுங்கள். இந்த ஐந்தில் படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொல் உண்டு. விசிறி (‘ி’ குறி), கொம்பு (‘ெ’, ‘ே’ குறி) எதுவும் இல்லை. ப, ட, ம் மூன்றையும் நான்கு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். ஒவ்வொன்றின் கீழும் பிள்ளையின் விரலை வைத்து ஒலியைச் சொல்ல வையுங்கள். அட்டைகளைக் கொஞ்சம் நெருக்கி இன்னொரு முறை, முட்ட வைத்து இன்னொரு முறை. மூன்றாம் முறை ‘படம்’ தானாக வரும். பிறகு ‘ப’வை எடுத்து ‘ம’வை வைத்தால் ‘மடம்’. கடைசியாக நீங்கள் சொல்லைச் சொல்லுங்கள், பிள்ளை அடுக்கட்டும்.

இங்கே வீட்டார் எல்லோரும் விடும் பிழை ஒன்று உண்டு. பானா, டானா, இம் என்று எழுத்தின் பெயரைச் சொல்லிக் கொடுப்பார்கள். ‘பானா டானா இம்’ என்பதை எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் ‘படம்’ வராது. மற்றப் பிள்ளைகள் எப்படியோ தாண்டிவிடுவார்கள், இந்தப் பிள்ளை அந்த இடத்திலேயே நிற்கும். ப, ட, ம் என்று ஒலியை மட்டும் சொல்லுங்கள். அம்மம்மா, மாமி, ரியூசன் ரீச்சர் எல்லோரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

அடுத்து ர, த, க, வ, ய, ண, ல் ஒவ்வொன்றாகச் சேருங்கள். பன்னிரண்டு அட்டையில் மரம், தடம், தட்டம், கல், பல், கடல், பகல், மணல், வட்டம், வயல் எல்லாம் வந்துவிடும். ‘தரம்’ கூட வரும், அது பிள்ளையின் பாடநூல் அட்டையிலேயே இருக்கும் சொல். மூன்று நாள் தொடர்ந்து சரியாகச் சொன்ன எழுத்தை ‘தெரிந்த எழுத்து’ என்று பெயர் ஒட்டிய ஒரு ரின்னில் போடுங்கள், பின்பக்கத்தில் திகதி எழுதுங்கள். ஒரு கிழமை கழித்துத் திரும்ப எடுத்துக் கேளுங்கள். மறந்திருந்தால் பேசாமல் மேசைக்குத் திரும்பட்டும். காலையில் பத்து நிமிடம், பின்னேரம் பத்து நிமிடம் போதும். தகரக் கூரை சுடும் மத்தியானத்தில் வேண்டாம்.

அதே சொல்லை விரலால் மணலிலும் எழுத வையுங்கள். ஏடு தொடக்கும்போது அரிசியில் எழுதுவிப்பது போலத்தான். விளிம்புள்ள தட்டத்தில் அரித்த ஆற்று மணல் ஒரு சென்ரிமீற்றர் உயரம். கடல் மணல் என்றால் நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். உப்பு ஈரத்தை இழுத்து மணல் கட்டியாகும், விரல் வழுக்கி ஓடாது.

அரவும் விசிறியும் கொம்பும் வரும் கட்டத்தில் பெட்டி இன்னொரு முறை கைவிடும். ‘கொ’ ஒரே அட்டையாக இருப்பதால், கொம்பும் அரவும் சேர்ந்துதான் அந்த ஒலி வருகிறது என்பது பிள்ளைக்குத் தெரியாது. கண்ணுக்கு முன்னால் வருவது கொம்பு, காதுக்கு முன்னால் வருவது ‘க்’. இந்த முரண் சாதாரண பிள்ளையையே குழப்பும். கண்ணாடித் தாளில் ா, ி, ெ, ே, ை குறிகளை மட்டும் எழுதி வெட்டி, ‘க’ அட்டையோடு பொருத்திக் காட்டுங்கள். உகர ஊகார வரிசைகளுக்கு இந்த வழி சரிவராது, அங்கே வடிவமே மாறுகிறது. உகரத்தை மூன்று கூட்டமாகப் படிப்பியுங்கள்: கு டு மு ரு ழு ளு ஒரு கூட்டம், சு பு யு வு இன்னொன்று, து நு லு று னு ணு ஞு மூன்றாவது. ‘ஙு’வையும், ஏன் ஙகர உயிர்மெய் பன்னிரண்டையுமே, எடுத்து வைத்துவிடலாம். ஔகார வரிசையிலும் மௌ, வௌ, கௌ போதும்.

ண, ன குழம்பினால் சுழியை எண்ண வையுங்கள், மூன்று சுழி, இரண்டு சுழி. ஆனால் இரண்டையும் ஒரே கிழமையில் தொடங்காதீர்கள். ல, ள, ழவும் அப்படியே. வீட்டில் பெரியவர்கள் பழைய வடிவத்தில் ‘லை’, ‘னை’ எழுதுபவர்கள் என்றால் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கும்போது மட்டும் புதிய வடிவத்தில் எழுதச் சொல்லுங்கள்.

டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைக்கு இந்த ஒழுங்கு மாறும். எழுத்தை ஒலித்துக் கூட்டுவதை விட முழுச் சொல்லைப் படத்தோடு பொருத்துவது அவர்களில் பலருக்கு இலகு. முதலில் சொல்லட்டை, பிறகு எழுத்து. பேச்சு வராத பிள்ளை வாயால் சொல்லத் தேவையில்லை, மூன்று அட்டையில் சரியானதைத் தொட்டுக் காட்டினால் அது வாசிப்புத்தான். விரலுக்குப் பிடி குறைவென்றால் அட்டையைத் தடித்த மட்டையில் ஒட்டுங்கள். எந்தப் பிள்ளையானாலும் பெட்டி வாங்குவதற்கு முதல் கண்ணும் காதும் பரிசோதித்திருக்க வேண்டும். மாவட்டப் பொது வைத்தியசாலையில் அதற்குக் காசு கேட்கமாட்டார்கள்.

அட்டை முடிந்ததும் என்ன வாசிப்பது? அரசாங்கம் 1980 முதல் இலவசமாகத் தரும் பாடநூல்களில் தரம் 1 நூலே போதும், வயது எதுவானாலும். எழுத்துச் சிறிது என்றால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலிருந்து இறக்கிப் பெரிதாக அச்செடுங்கள். இந்தியப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் என்ற கதைத் தளத்திலும் முதல் நிலைத் தமிழ்க் கதைகள் இலவசம், சொல்லை மாற்றவும் உரிமை உண்டு. நாற்காலியைக் கதிரையாக்கி அச்செடுக்கலாம். ஏ9 வீதியில் பஸ்ஸில் போகும்போது மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம் பெயர்ப்பலகைகள் வரும். ‘குளம்’ என்ற துண்டை முதல் நாளே அட்டையில் அடுக்கிப் பார்த்த பிள்ளை, மூன்று பலகையிலும் அதைத் தேடிப் பிடிக்கும். யன்னல் பக்க இருக்கையைக் கேட்டு எடுங்கள்.