கருங்கோழி மூலிகை சூப்: நேரடித் தீயா, ஜாடியா?

தென்சீனாவின் கான்டனீஸ் சமையலறையில் ஒரு பழைய கணக்கு உண்டு: ‘போ’ என்றால் மூன்று மணி நேரம், ‘டன்’ என்றால் நாலு மணி நேரம். சட்டியை நேராக அடுப்பில் ஏற்றிச் சின்னத் தீயில் கொதிக்க விடுவது ‘போ’. எல்லாவற்றையும் மூடி போட்ட பீங்கான் ஜாடியில் அடைத்து, அந்த ஜாடியைக் கொதிக்கும் தண்ணீருக்குள் இறக்கி வைப்பது ‘டன்’. சிங்கப்பூர், மலேசியாக்காரர்கள் இதை டபுள் பாயில் என்பார்கள். குவாங்சோவிலும் ஹாங்காங்கிலும் இரண்டுமே புழக்கத்தில் உள்ளவை. மூலிகை போட்ட கருங்கோழி சூப்புக்கு மட்டும் என் ஓட்டு ஜாடிக்குத்தான்.

சாமான் இரண்டுக்கும் ஒன்றே. நாலு கிண்ணத்துக்குக் கருங்கோழி அரை கிலோ, டாங்ஷென், ஹுவாங் சி என்ற உலர்ந்த மூலிகை வேர்கள் முறையே 15 கிராம், 10 கிராம், ஹுவாய்ஷான் 20 கிராம், சிவப்பு இலந்தை 6, கோஜி என்ற சின்னச் சிவப்பு உலர்பழம் ஒரு மேசைக்கரண்டி, இஞ்சி 3 வில்லை. கடையில் ‘ரெட் டேட்ஸ்’ என்று எழுதியிருந்தாலும் அது பேரீச்சை இல்லை, இலந்தை ஜாதி. கொட்டையோடு போட்டால் சூடு என்பார்கள். நம் பாட்டிகளின் சூடு, குளிர்ச்சிப் பேச்சேதான். ஹுவாய்ஷான் என்பது வள்ளிக்கிழங்கு வகையொன்றின் உலர்ந்த வில்லை. வெள்ளை வெளேரென்று இருந்தால் கந்தகப் புகை காட்டியதாக இருக்கலாம், சற்று மங்கலானதைப் பார்த்து வாங்குங்கள். அரை மணி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

இரண்டுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்வது தண்ணீர்தான். நேரடித் தீயில் மூன்று மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஆவியாகிவிடும். மூடி சரியாக உட்காராவிட்டால் பாதிகூடப் போகும். அதனால் 1 லிட்டர் சூப் வேண்டுமானால் 1.6 லிட்டரில் தொடங்க வேண்டும், அப்போதும் அது ஊகம்தான். குறைந்துவிட்டதே என்று நடுவில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் கொதி அடங்கி, சாறு நீர்த்துப் போகும். ஊற்றியே ஆக வேண்டுமென்றால் கொதிநீர்தான். மறந்துவிட்டால் ஹுவாய்ஷான் அடியில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளும். அந்தத் தீய்ந்த வாடை வந்தபின் சூப்பை மீட்க வழியில்லை.

ஜாடியில் இந்தக் கவலை கிடையாது. 1 லிட்டர் ஊற்றினால் ஏறக்குறைய 1 லிட்டரே திரும்பி வரும். மூலிகையின் அளவும் அதனால் பிசகாது. நேரடித் தீயில் தண்ணீர் வற்ற வற்ற ஹுவாங் சியின் பயறு வாசம் தூக்கலாகிக்கொண்டே போகும். ஜாடிக்குள் தளதளவென்ற கொதி எழாததால் கொழுப்பு சாற்றோடு கலந்து வெளுப்பதில்லை. மூடியைத் திறந்தால் தேநீர் நிறத்தில், அடியில் கிடக்கும் இலந்தை தெரியுமளவு தெளிவாக இருக்கும்.

ஆனால் நடுவில் திறந்து நுரை எடுக்க முடியாது என்பதால் முன்வேலையில் சலுகையே இல்லை. தோலையும் வால் பகுதியையும் நீக்கிய கோழியைப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றி, கொதி வந்ததும் மூன்று நிமிடம் விட்டு இறக்கி, எலும்பிடுக்கில் ஒட்டிய இரத்தக் கட்டிகளை விரலால் தேய்த்துக் கழுவ வேண்டும். இதில் சோம்பல்பட்டால் நாலு மணி நேரம் கழித்துச் சாம்பல் நிறத் துணுக்குகள் மிதக்கும்.

ஜாடிக்குள் ஊற்றுவதும் கொதிநீராக இருக்கட்டும். பச்சைத் தண்ணீர் என்றால் சூடேறவே வெகுநேரம் ஆகும். மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள். வெளிப் பாத்திரத்தின் அடியில் மடித்த துணி போடாவிட்டால் ஜாடி கடகடவென்று ஆடும். வெளித்தண்ணீர் ஜாடியின் பாதிக்கு மேல், முக்காலுக்குக் கீழ். ஜாடி கொள்ளுமானால் இட்லிப் பானையே போதும். முக்கால் மணிக்கொரு தரம் பார்த்துக் கொதிநீர் சேருங்கள். குளிர்ந்த நீர் பட்டால் பீங்கான் விரிசல் விடும். கோஜியைக் கடைசி இருபது நிமிடத்தில்தான் போட வேண்டும், முன்பே போட்டால் புளிப்பு இறங்கும். உப்பு இறக்கியபின்.

கேஸ் செலவு ஜாடிக்குக் கூடுதல், மறுக்கவில்லை. அதுதான் உறுத்துகிறதென்றால் தண்ணீர் தீர்ந்தால் தானே அணையும் மின்சார ஜாடி வாங்கலாம்.

குக்கரா? வேலை முடிந்துவிடும், நாற்பது நிமிடம் போதும். ஆனால் ஒவ்வொரு விசிலுக்கும் உள்ளே சாறு பொங்கிக் கலங்கும். முதல் விசிலோடு தீயை அடிமட்டத்துக்குக் குறைத்து, ஆவி தானாக அடங்கும்வரை திறக்காமல் இருந்தால் ஓரளவு தெளிவு கிடைக்கும்.

யூரிக் அமிலம், கௌட் உள்ளவர்களுக்கு எந்த முறையிலும் நெடுநேரம் வெந்த கறிச்சாறு ஆகாது; உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் கணிசமாகச் சாற்றில் இறங்கிவிடும். டாங்குய் என்ற மூலிகை வேரையும் சேர்ப்பதானால் இரண்டு வில்லைக்கு மேல் கசக்கும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாங்குய், கோஜி இரண்டையும் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் டாங்குய் வேண்டாம்.

தாமரைக் கிழங்கு, பன்றி எலும்பு, வேர்க்கடலை சூப் என்றால் மட்டும் நான் கட்சி மாறிவிடுவேன். கிழங்கு மாவாக மசிய வேண்டும், சாறு கொஞ்சம் கலங்கினால்தான் ருசி. அதற்கு மண்சட்டியும் நேரடித் தீயும்தான். மிஞ்சும் கறியையும் கிழங்கையும் சோயா சாஸ் தொட்டுத் தின்றால் அது தனிச் சாப்பாடு.