நம்பர் பிளேட்டுக்குப் பிட் போதவில்லை: மட்டக்களப்பு வீதிகளில் ஒரு டாஷ் கமரா

வாகனத்தின் முன்கண்ணாடியில் பொருத்தி வீதியைப் பதிவு செய்கிற டாஷ் கமராவை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கே?" என்றுதான், அதாவது 2கே, 4கே என்று படத்தில் எத்தனை புள்ளிகள் என்பது. அது முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் மருந்து விநியோக வானில் மட்டக்களப்புக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையே இரண்டு மாரியும் இரண்டு கச்சான் (வறண்ட மேல்காற்று) காலமும் ஓடிப் பார்த்த பிறகு, நான் கேட்கச் சொல்வது வேறு: நொடிக்கு எத்தனை மெகாபிட் (பிட் என்பது தகவலின் மிகச் சிறிய அலகு, மெகாபிட் பத்து லட்சம் பிட்) எழுதுகிறது? அதை நாமே மாற்றலாமா?

1080 வரிப் படத்தை நொடிக்கு 30 ஃபிரேம் (தனித்தனி நிலைப்படம்) வீதம், சுருக்காமல் அப்படியே எழுதினால் நொடிக்குச் சுமார் 1,490 மெகாபிட் ஆகும். என் கமரா எழுதி வந்தது 16 மெகாபிட். நூறில் ஒரு பங்கு, அவ்வளவுதான். மீதியை முந்தின ஃபிரேமைப் பார்த்து ஊகிக்கிறது, அல்லது கண்ணுக்குத் தெரியாது என்று விட்டுவிடுகிறது. எதை விடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வாங்கும்போது தானியங்கி முறையில்தான் வந்தது. காட்சி அமைதியாக இருந்தால் பிட்ரேட் (நொடிக்கு எழுதும் பிட் அளவு) இறங்கும், பரபரப்பானால் ஏறும். ஏறுவதற்கு ஒரு உச்சவரம்பு உண்டு. கல்லடிப் பாலத்தில் காலை வேளையில் எடுத்த படங்கள் கண்ணாடி மாதிரி இருக்கும். வானம், தூரத்து வாவி, நேரான பாதை, இவற்றுக்கு அதிகம் செலவில்லை. காரைதீவில் திரும்பி சம்மாந்துறை வழியாக அம்பாறைக்குப் போகும்போதுதான் சோதனை. இரண்டு பக்கமும் வயல். முந்தின ஃபிரேமில் இருந்த ஒரு துண்டு இந்த ஃபிரேமில் எங்கே நகர்ந்திருக்கிறது என்று தேடித்தான் சுருக்கம் வேலை செய்கிறது. காற்றில் ஆடும் நெற்பயிரில் ஒவ்வொரு தாளும் தன்பாட்டில் அசையும், ஊகம் எதுவும் பொருந்தாது. கமரா பிட்டை எல்லாம் அந்தப் பச்சைக்கே கொட்டும். வரம்பைத் தொட்டதும் படம் முழுவதும் சேர்ந்து மங்கும், முன்னால் போகிற லொறியின் இலக்கமும் சேர்த்து. மாதச் சம்பளம் முழுவதும் கலியாண வீட்டு மொய்க்கே போய், பிள்ளையின் ரியூஷன் காசுக்குக் கை விரிக்கிற நிலை அது.

மாரியில் இன்னும் மோசம். கண்ணாடியில் விழுகிற ஒவ்வொரு துளியும் புதுத் தகவல். வைப்பர் ஒரு முறை கடந்தால் முழுப் படமும் மாறிவிடும். இரவில் வேறு பிரச்சினை: வெளிச்சம் குறைந்தால் சென்சாரிலிருந்து புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். அதில் ஒழுங்கே கிடையாது, ஆகவே சுருக்கவும் முடியாது. இரைச்சலை அழிக்கப் போனால் அதோடு எழுத்துகளும் கரைந்துவிடும்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை என்று எனக்குப் புரிந்தது களுவாஞ்சிக்குடியில். மம்மல் பொழுது, இலேசான தூறல். ஒரு மோட்டார் சைக்கிள் வானின் பக்கக் கண்ணாடியை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. நல்லகாலம், ஒருவருக்கும் காயம் இல்லை. வீட்டில் கணினியில் போட்டு ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினேன். பின்பக்கத்து மஞ்சள் தகடு நன்றாகத் தெரிகிறது, கடைசி இலக்கம் மட்டும் 3 ஆ, 8 ஆ என்று பிடிபடவில்லை. சதுரம் சதுரமாக உடைந்து கிடந்தது. தொடர்ந்து நகர்த்தியபோது ஒரே ஒரு ஃபிரேமில் படம் திடீரெனத் தெளிந்தது. 8. அடுத்த ஃபிரேம்களில் மறுபடி கலங்கத் தொடங்கியது.

அந்த ஒன்றுதான் கீ ஃபிரேம். மற்ற ஃபிரேம்களைப் போல முந்தினதைச் சார்ந்து நிற்காமல், தன்னளவில் முழுதாக எழுதப்படுவது. என் கமராவில் ஏறக்குறைய நொடிக்கு ஒன்று வரும். உங்களிடமும் இப்படி ஒரு காட்சி இருந்தால் வீடியோவை ஓட்டிப் பார்த்துவிட்டு "தெரியவில்லை" என்று விடாதீர்கள். ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள்.

அப்புறம் காப்புறுதிப் பக்கம். "அண்ணன், வட்ஸ்அப்ல போட்டு விடுங்க" என்று சொன்னார்கள். சாதாரண வீடியோவாக அனுப்பினால் வட்ஸ்அப் அதை இன்னொரு தடவை சுருக்கும். கஷ்டப்பட்டுக் கண்டெடுத்த 8 மறுபடி 3 ஆகிவிடும். டொக்கியுமென்ட் என்று தெரிவு செய்து அனுப்பினால் கோப்பு மாறாமல் போகும். மூலக் கோப்பை எந்தக் காரணத்துக்காகவும் அழிக்காதீர்கள்.

அதற்குப் பிறகு எச்.264 இலிருந்து எச்.265 க்கு மாற்றினேன். இரண்டும் வீடியோவைச் சுருக்கும் முறைகள். முதலாவது 2003 இல் வந்த நியமம், இரண்டாவது 2013 இல் வந்தது. ஒரே தரத்துக்குப் புதியதற்குப் பாதியளவு பிட் போதும் என்பது பொதுவான கணக்கு. பழையது படத்தை அதிகபட்சம் 16க்கு 16 புள்ளித் துண்டுகளாகத்தான் பார்க்கும், புதியது 64க்கு 64 வரை எடுக்கும். வெறும் வானத்தை ஒரே பெரிய துண்டில் முடித்துவிட்டு மிச்சத்தை நுணுக்கமான இடங்களுக்குக் கொடுக்கலாம். மழை நாள் படத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. குறை ஒன்று உண்டு: பழைய கணினியில் திக்கித் திக்கித்தான் ஓடும்.

மச்சானுடைய ஜப்பான் காரில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கமரா இருக்கிறது. வீதியில் போட்ட கோட்டைத் தாண்டி விலகினால் சத்தம் போடும், மோதப் போனால் தானே பிரேக் பிடிக்கும். "அது இருக்கும்போது டாஷ் கமரா எதற்கு?" என்று கேட்பார். இரண்டும் வேறு வேலை. மச்சான் காரில் உள்ளது போன்ற ஓட்டுநர் உதவிக் கமராவின் படம் இப்படிப் பிழியப்படாமல் நேராகச் செயலிக்குப் போகிறது, ஏனென்றால் சுருக்கி விரிப்பதற்கு நேரம் பிடிக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வாகனம் நொடிக்கு 16.7 மீட்டர் ஓடுகிறது. நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதித்தாலே 1.7 மீட்டர் போய்விடும். மாடு படுத்திருக்கிற இரவு வீதியில் அந்த 1.7 மீட்டர் பெரிய விஷயம்.

ஆனால் தானோட்டி வாகனங்களைப் பழக்க, பல கமராக்களின் காட்சியை மணிக்கணக்கில் சேமிக்கிறார்கள். அங்கே சுருக்காமல் முடியாது. முக்கியமான பகுதிக்கு அதிகப் பிட், மற்றதற்குக் குறைவு என்று பிரிக்கும் முறை அங்கே பேசப்படுகிறது. எச்.264, எச்.265 இரண்டிலும் துண்டுக்குத் துண்டு தரத்தை மாற்ற இடம் இருக்கிறது. வீதிக்கும் ஆளுக்கும் தகட்டுக்கும் கொடு, நெல்லுக்கும் தென்னோலைக்கும் குறை என்று சொன்னால் போதும். சாதாரண டாஷ் கமராவிலும் இது வரவேண்டும் என்பது என் ஆசை.

கூடவே ஒரு பயமும் இருக்கிறது. எது முக்கியம் என்று முடிவு செய்கிற மென்பொருள் எந்த வீதியைப் பார்த்துப் பழகியிருக்கும்? அறுவடைக் காலத்தில் பாதி வீதிக்குக் காயப்போட்ட நெல்லையும், வாவியின் மேற்கே படுவான்கரைப் பக்கம் பின் லைட் இல்லாமல் வைக்கோல் ஏற்றி வரும் உழவு இயந்திரத்தையும் அது பின்னணி என்று நினைத்து மங்கலாக்கினால், பதிவில் தேவையான இடமே போய்விடும். இவை எங்களுக்கு அன்றாடம். பழக்குகிறவர்கள் இந்தப் படங்களையும் சேர்க்க வேண்டும்.

இப்போது என் அமைப்பு: எச்.265, தானியங்கி முறையை நிறுத்திவிட்டு நொடிக்கு நிலையாக 24 மெகாபிட். மணிக்கு 10.8 ஜிபி எடுக்கும், 128 ஜிபி மெமரி காட்டில் பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். திரும்பத் திரும்ப எழுதுவதைத் தாங்கும் வகைக் காட்டையே வாங்குங்கள், சாதாரணக் காட் நிலைக்காது. கச்சான் வெயிலில் வான் நிற்பதால் பற்றரிக்குப் பதில் கபாசிட்டர் (மின்னைச் சிறிது நேரம் தேக்கி வைக்கும் உறுப்பு) உள்ள கமராவாகவும் பாருங்கள். அதிர்வு சென்சாரைக் குறைவில் வையுங்கள். இல்லாவிட்டால் உள்வீதிக் குழிகள் ஒவ்வொன்றையும் விபத்து என்று பூட்டி வைத்துக் காட்டை நிரப்பிவிடும்.