கீழ்த்தட்டு ஃபைல்: சின்ன ஊர் திருமணத் தகவல் மையங்களில் மறுமணச் சேவை எப்படி?

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு மேஜை, இரண்டு பெஞ்ச், அலமாரி நிறைய ஃபைல். பல்லடமோ அருப்புக்கோட்டையோ, திருமணத் தகவல் மையம் என்றால் பெரும்பாலும் இந்தக் கோலம்தான். முதல் திருமண வரன்கள் நட்சத்திர வாரியாகக் கண்ணெதிரே அடுக்கியிருக்கும். மறுமண ஃபைல் கேட்டால்தான் கீழ்த்தட்டிலிருந்து வெளியே வரும்.

இருந்தும் மறுமணத்துக்கு இணையதளங்களைவிட இந்த மையங்களுக்கே ஒரு மதிப்பெண் கூடப் போடலாம். தளங்களில் விவாகரத்தானவர், துணையை இழந்தவர், விவாகரத்துக்குக் காத்திருப்பவர் என்று பிரித்துத் தேடலாம், வசதிதான். ஆனால் அங்கே அவரவர் சொன்னதுதான் சாட்சி. மையம் நடத்துபவருக்கோ முதல் கல்யாணம் எந்த மண்டபத்தில் நடந்தது என்பதுவரை தெரிந்திருக்கும். ரகசியம் நிற்காததும் அதனால்தான். எனவே மையத்தில் கொடுக்கும் வரன் விவரத் தாளில் பெண்ணின் செல் நம்பர் வேண்டாம், வீட்டுப் பெரியவர் நம்பர் போதும். போட்டோவை நேரில் மட்டும் காட்டச் சொல்லுங்கள்.

ஃபைலின் மொழி தனி. ‘பெயரளவில் திருமணமானவர்’ என்றிருந்தால் எத்தனை மாதம் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று கேட்க வேண்டும். ‘குழந்தை தடையில்லை’ என்பதற்கு இரண்டு அர்த்தம்: குழந்தையோடு வந்தாலும் சரி என்பது ஒன்று, குழந்தை பாட்டி வீட்டில் வளரட்டும், ஆட்சேபனையில்லை என்பது இன்னொன்று. எது என்று முதல் போனிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

மையங்கள் கோட்டைவிடும் இடம் ஆவணம். ‘டைவர்ஸ் ஃபைல் பண்ணியாச்சு’ என்பதையே விவாகரத்து என்று எழுதி வைத்துவிடுகிறார்கள். தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலைக் கேட்டுப் பாருங்கள். வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண் (ஒவ்வொரு வழக்குக்குமான தனி அடையாள எண்) இருந்தால் நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் இலவசமாகவே நிலவரம் தெரியும். இந்து திருமணச் சட்டப்படி தீர்ப்பு நாளிலிருந்து 90 நாள் மேல்முறையீட்டுக் காலம்; அது முடியுமுன் முகூர்த்தம் குறிக்கக் கூடாது. ‘எக்ஸ்பார்ட்டி’ தீர்ப்பு, அதாவது எதிர்த்தரப்பு வராமலே கிடைத்தது என்றால் இன்னும் கவனம். சம்மன் தனக்கு வரவேயில்லை என்று அவர் பின்னால் வந்து தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க வழியிருக்கிறது. வக்கீலிடம் காட்டாமல் தாம்பூலம் மாற்ற வேண்டாம்.

துணையை இழந்தவர் என்றால் இறப்புச் சான்றிதழோடு வாரிசுச் சான்றிதழையும் பாருங்கள். இறந்தவரின் பிள்ளைகள் பெயர் அதில் இருக்கும். ‘வாரிசு இல்லை’ என்ற பேச்சு அங்கேயே சரிபார்க்கப்பட்டுவிடும்.

குழந்தையின் இனிஷியலைப் பற்றி எந்த மையமும் வாய் திறப்பதில்லை. அம்மா மறுமணம் செய்துகொண்டதாலேயே பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் மாறாது. மாற்ற வேண்டுமென்றால் மாற்றாந்தந்தை முறைப்படி தத்தெடுக்க வேண்டும். பெற்ற அப்பா உயிரோடிருந்தால் அவர் சம்மதம் என்ற கேள்வி வரும். பள்ளியில் சேர்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அங்கேதான் முதல் மனக்கசப்பு.

பணம் கட்டுமுன் ஒரு சோதனை. ஃபைலிலிருந்து ஐந்து தாளை நீங்களே உருவி, உங்கள் எதிரிலேயே போன் போடச் சொல்லுங்கள். மூன்று பேருக்குக் கல்யாணம் முடிந்திருந்தால் அந்த ஃபைல் வெறும் கனம்தான். பதிவுக் கட்டணத்துக்கு ரசீது, எத்தனை மாதம் செல்லும், அமைந்தபின் கமிஷன் ஒரு தரப்பிலா இரு தரப்பிலா, மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

சந்திப்பு ஏற்பாடு படு சுமார். கோயில் பிராகாரத்தில் இருபது நிமிடம், சுற்றிலும் எட்டுப் பேர். ஒருமுறை வாழ்ந்து பார்த்தவர்களுக்குக் கேட்க வேண்டியது நிறைய இருக்கும்: கடன், மாமியாரோடு இருப்பதா தனிக்குடித்தனமா, பழைய கல்யாண ஆல்பத்தை என்ன செய்வது. பிடித்துப்போவதும் இந்தப் பேச்சில்தான், பஜ்ஜி தட்டில் இல்லை. மூன்று தடவையாவது இருவரும் தனியாகப் பேசட்டும், பிறகு ஜாதகம் என்று கறாராகச் சொல்லுங்கள். கமிஷன் தள்ளிப்போகும் என்று மையக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். சொந்த ஊர்க் கோயில் வேண்டாம். இரண்டு ஊர் தள்ளிப் போனால் பாதிக் கண்கள் குறையும்.

கல்யாணம் முடிந்து 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தீர்ப்பு நகல் அல்லது இறப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். கணவரை இழந்த பெண்ணின் மறுமணத்துக்குத் தமிழக அரசின் டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் நினைவுத் திட்டத்தில் 25,000 ரூபாய், பட்டம் அல்லது பட்டயம் படித்திருந்தால் 50,000 ரூபாய், கூடவே 8 கிராம் தங்க நாணயம் உண்டு. மணமான 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வயது உள்ளிட்ட நிபந்தனைகளைச் சமூக நல அலுவலகத்தில் கல்யாணத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கடைசி கமிஷனைக் கொடுக்கும் அன்று உங்கள் தாளையும் போட்டோவையும் ஃபைலிலிருந்து உருவி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சீமந்தத்தன்றும் யாராவது ‘வரன் இன்னும் பாக்குறீங்களா?’ என்று போன் போடுவார்கள்.