குயின் எலிசபெத்தா, ரிவெஞ்சா? ஒரே பீரங்கி, இரண்டு தலையெழுத்து

பிரிட்டிஷ் கடற்படையின் 1912 திட்டத்தில் பிறந்தவை குயின் எலிசபெத் வகைப் போர்க்கப்பல்கள்: குயின் எலிசபெத், வார்ஸ்பைட், வேலியன்ட், பார்ஹாம், மலாயா. அடுத்த ஆண்டுத் திட்டத்தில் வந்தவை ரிவெஞ்ச் வகை: ரிவெஞ்ச், ரெசல்யூஷன், ராமிலீஸ், ராயல் ஓக், ராயல் சாவரின். இரண்டு வகையிலும் ஐந்தைந்து கப்பல்கள். ஒவ்வொன்றிலும் அதே எட்டு 15 அங்குலப் பீரங்கிகள், இரட்டை இரட்டையாக நான்கு சுழல் கோபுரங்களில். பக்கவாட்டுக் கவசத்தின் உச்சத் தடிமனும் ஒன்றே, 13 அங்குலம். ஆயுதத்தையும் கவசத்தையும் மட்டும் பார்த்தால் அண்ணன் தம்பி என்றே தோன்றும். இருபத்தைந்து ஆண்டு கழித்து ஒன்று கடற்படையின் முன்னணியில் நின்றது, மற்றது எங்கே ஒளித்து வைப்பது என்று தளபதிகள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் சுமையானது. பீரங்கியும் கவசமும் இதற்குக் காரணமல்ல. கப்பலின் உடற்கூட்டில்தான் காரணம் இருக்கிறது.

முதலில் எண்கள், வடிவமைப்பின்போது இருந்தபடி:

நீளம்: குயின் எலிசபெத் 196 மீட்டர், ரிவெஞ்ச் 189 மீட்டர்.
எடை: 27,500 டன், 25,750 டன்.
கொதிகலன்கள்: 24, 18.
இயந்திரத் திறன்: 75,000 குதிரைத்திறன், 40,000 குதிரைத்திறன்.
எண்ணிய வேகம்: 25 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்), 23 நாட். நடைமுறையில் கிடைத்தது சுமார் 24, சுமார் 22.

குயின் எலிசபெத் வகை ஒரு சூதாட்டம். 15 அங்குலப் பீரங்கி வார்க்கப்பட்டுச் சோதித்துப் பார்க்கப்படும் முன்பே அதை நம்பிக் கப்பல்களுக்கு ஆர்டர் போனது. கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில் துணிந்து எடுத்த முடிவு அது. முந்தைய கப்பல்களைவிட ஒரு கோபுரத்தைக் குறைத்ததால் மிச்சமான எடையும் இடமும் கொதிகலன்களுக்குப் போயின. நிலக்கரியை அடியோடு விட்டுவிட்டு எண்ணெய்க்கு மாறியதால்தான் அந்த வேகம் சாத்தியமானது. 1914-இல் பிரிட்டிஷ் அரசு ஆங்கிலோ-பெர்சியன் எண்ணெய் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியதன் பின்னணியிலும் இந்த எண்ணெய்ப் பசிதான் இருந்தது. மலாயா கப்பலுக்குப் பணம் கொடுத்தது மலாய்க் கூட்டு மாநிலங்களின் அரசு. வெள்ளீயமும் ரப்பரும் ஈட்டிய பணம் அது. அதில் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர்களின் வியர்வையும் கலந்திருந்தது.

ரிவெஞ்ச் வகையில் கடற்படை பின்வாங்கியது. குயின் எலிசபெத் வகை போல வேகமான சிறகு அணி ஒன்று போதும், இவை மற்றக் கப்பல்களோடு 21 நாட்டில் வரிசையில் நின்றால் சரி என்று கணக்குப் போட்டார்கள். போர்க்காலத்தில் எண்ணெய் தடையின்றி வருமா என்ற பயத்தில் நிலக்கரியும் எண்ணெயும் கலந்து எரிக்கும் ஏற்பாடு செய்தார்கள். 1914 அக்டோபரில் அட்மிரல் ஃபிஷர் மறுபடி கடற்படைத் தலைமைக்கு வந்தார். 1915 ஜனவரியில் நிலக்கரியை நீக்கச் சொல்லி, 31,000-ஆக இருந்த குதிரைத்திறனை 40,000 ஆக்கினார். ஓரிரு நாட் கூடியது. உடற்கூடு ஏற்கெனவே முடிவாகியிருந்ததால் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதைவிட முக்கியமான முடிவு மெட்டாசென்ட்ரிக் உயரம். சாய்ந்த கப்பல் எவ்வளவு விறைப்பாக நிமிரும் என்பதைச் சொல்லும் அளவு இது. அதிகமாக இருந்தால் கப்பல் வெடுக்கென்று நிமிரும், குறிபார்ப்பவர் பாடு திண்டாட்டம். குறைவாக இருந்தால் மெதுவாக ஆடும், பீரங்கிக்கு நல்ல மேடை. முழுச் சுமையில் குயின் எலிசபெத்துக்கு இது ஏறத்தாழ 2 மீட்டர், ரிவெஞ்சுக்கு 1 மீட்டர்தான். வேண்டுமென்றே குறைத்தார்கள். 1913-இன் போர்முறைக்கு அது நியாயமான முடிவு. ஆனால் அதன் விலை இரண்டு. தண்ணீர் உள்ளே வந்தால் தாங்கும் இருப்பு குறைவு. பின்னாளில் மேல்தளத்தில் கனமாக எதை ஏற்றினாலும் கப்பல் தள்ளாடும். டார்பிடோவுக்கு எதிராகப் பக்கப் புடைப்புகளை முதலில் பெற்றது ராமிலீஸ், கட்டும்போதே. மற்றவற்றுக்குப் பிறகு பொருத்தினார்கள்.

1916 மே 31, வட கடலில் ஜெர்மானியரோடு நடந்த ஜட்லாந்து சண்டை. பார்ஹாம், வேலியன்ட், வார்ஸ்பைட், மலாயா நான்கும் முன்னே சென்ற அட்மிரல் பீட்டியின் போர்க்ரூஸர்களோடு இருந்ததால் கடும் சண்டையில் சிக்கின; வேலியன்ட் தவிர மற்ற மூன்றும் அடி வாங்கின. மலாயாவில் ஒரு குண்டு வலப்பக்க 6 அங்குலப் பீரங்கி அறையில் விழுந்து கார்டைட் வெடிமருந்து பற்றிக்கொண்டது. அந்த அறையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கருகினர். வார்ஸ்பைட்டின் சுக்கான் சிக்கிக்கொள்ள, எதிரி வரிசையின் கண்முன்னே வட்டமடித்தது. அப்படியும் வீடு வந்து சேர்ந்தது. ரிவெஞ்சும் ராயல் ஓக்கும் தலைமைத் தளபதி ஜெலிக்கோவின் முதன்மை வரிசையில் நின்று சுட்டு, ஒரு குண்டும் படாமல் திரும்பின. அன்றைக்கு இரண்டில் எது மேல் என்று கேட்டிருந்தால் பதில் அவ்வளவு எளிதல்ல. கவசத்தளத்தை ஓர் அடுக்கு மேலே தூக்கி வைத்த ரிவெஞ்சின் அமைப்பு, என் பார்வையில், காகிதத்திலாவது ஒரு படி மேல்.

வித்தியாசம் வெளுத்தது 1930-களில். வார்ஸ்பைட் 1934 முதல் 1937 வரை போர்ட்ஸ்மவுத்தில் பிரித்து மேயப்பட்டது. 24 கொதிகலன்களை எடுத்துவிட்டு ஆறு புதியவை, பற்சக்கர டர்பைன்கள். இயந்திர எடையில் மட்டும் ஏறத்தாழ 1,500 டன் மிச்சம். அந்த எடையைத் தளக்கவசத்துக்கும் விமான எதிர்ப்புக்கும் திருப்பினார்கள். பீரங்கியை உயர்த்தும் கோணம் 20 பாகையிலிருந்து 30 ஆனது, எட்டும் தூரம் சுமார் 21 கிலோமீட்டரிலிருந்து 29 கிலோமீட்டர் ஆனது. குயின் எலிசபெத்தும் வேலியன்டும் இன்னும் ஆழமாக மாற்றப்பட்டு, கப்பலையும் விமானத்தையும் சுடவல்ல இருபது 4.5 அங்குல இருபயன் பீரங்கிகள் பெற்றன. ரிவெஞ்ச் வகைக்கோ சில்லறைத் திருத்தங்கள்தான். இடம் குறைவு, நிலைத்தன்மையும் குறைவு. அவற்றின் மேல் யார் பணம் போடுவார்? 1939-இல் சர்ச்சில் இவற்றுக்குப் பெரும் புடைப்பும் தடித்த கவசமும் போட்டு பால்டிக் கடலுக்கு அனுப்ப ஆசைப்பட்டார். நல்லவேளை, யாரும் அதைச் செய்யவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க 1940 ஜூலை 9, மத்தியதரைக் கடலில் இத்தாலியரோடு நடந்த கலாப்ரியா சண்டையைவிட நல்ல சோதனைக்கூடம் கிடைக்காது. பிரிட்டிஷ் தளபதி கன்னிங்ஹாமிடம் அன்று ஒரே பீரங்கி ஏந்திய மூன்று கப்பல்கள். மாற்றியமைத்த வார்ஸ்பைட் சுமார் 24 கிலோமீட்டர் தொலைவில் இத்தாலியின் ஜூலியோ செசாரேயை அடித்தது. ஓடும் கப்பலிலிருந்து ஓடும் கப்பலை அவ்வளவு தூரத்தில் அடித்ததாக மிகச் சிலவே பதிவாகியுள்ளன. பழைய உயர்த்துகோணத்தோடு இருந்த மலாயா சுட்ட குண்டுகள் எல்லாம் குறைந்து விழுந்தன. ராயல் சாவரின் வேகமில்லாமல் பின்தங்கி, சுடும் தூரத்துக்கே வரவில்லை. மலாயாவுக்கு இல்லாமல்போனது புதுப்பிப்பு, ராயல் சாவரினுக்கு அதோடு காலும் இல்லை. ஆகவே வகைப் பெயரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

நீருக்கடியில் இரண்டும் பலவீனம்தான். 1939 அக்டோபர் 14 அதிகாலை, ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோ துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த ராயல் ஓக்கை ஜெர்மன் நீர்மூழ்கி யூ-47 தாக்கியது. முன்முனையில் விழுந்த முதல் அடியைக் கப்பலின் உள்ளேயே ஏதோ வெடித்தது என்று நினைத்துக்கொண்டார்கள். சில நிமிடங்களில் மூன்று டார்பிடோக்கள் வந்தன, அடுத்த 13 நிமிடங்களில் கப்பல் கவிழ்ந்தது. 800-க்கும் மேற்பட்டோர் மாண்டனர், அவர்களில் நூற்றுக்கும் மேல் சிறுவர் மாலுமிகள். 1941 நவம்பர் 25-இல் பார்ஹாம் மூன்று டார்பிடோ வாங்கி, சில நிமிடங்களில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துச் சிதறியது. அங்கும் 800-க்கு மேல். வேலியன்டிலிருந்து எடுத்த படச்சுருள் இன்றும் இருக்கிறது.

இலங்கைக் கடலில் இரு வகையும் ஒரே தளபதியின் கீழ் வந்தன. 1942 ஏப்ரலில் பிரிட்டிஷ் அட்மிரல் சாமர்வில் தன் கப்பற்படையை இரண்டாகப் பிரித்தார். வேக அணியில் வார்ஸ்பைட்டும் இரண்டு பெரிய விமானந்தாங்கிகளும், மெதுவான அணியில் ரிவெஞ்ச், ரெசல்யூஷன், ராமிலீஸ், ராயல் சாவரின். ஜப்பானியரை எதிர்பார்த்துத் தெற்கே இரண்டு மூன்று நாள் காத்திருந்ததில் இந்தப் பழைய கப்பல்களுக்குக் குடிநீர் தீர்ந்துகொண்டு வந்தது. வட கடலுக்குக் கட்டியவை வெப்பமண்டலத்தில் தாக்குப்பிடிக்கவில்லை. மாலத்தீவின் அட்டு பவளத்தீவுக்குத் திரும்பிய நேரத்தில்தான் ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிகள் வந்தன. ஏப்ரல் 5-இல் கொழும்பு, 9-இல் திருகோணமலை. அதன்பின் மெதுவான அணி கிழக்கு ஆப்பிரிக்காவின் கிலிண்டினிக்கு அனுப்பப்பட்டது. நகுமோவோடு அவை மோதியிருந்தால் நான்கும் கடலடியில் கிடந்திருக்கும். தண்ணீர்த் தட்டுப்பாடு ஒருவகையில் உயிர் காத்தது.

இதனால் ரிவெஞ்ச் வகை வீண் என்று முடிவு கட்டினால் தவறு. 1941 பிப்ரவரியில் ஜெர்மன் போர்க்கப்பல்கள் ஷார்ன்ஹார்ஸ்ட், க்னைசெனா இரண்டும் அட்லாண்டிக்கில் ஒரு வணிகக் கப்பல் தொகுதியை நெருங்கி, காவலுக்கு நின்ற ராமிலீஸின் பாய்மரக்கம்பத்தைப் பார்த்ததும் திரும்பின. அடுத்த மாதம் இன்னொரு தொகுதியிடம் மலாயாவைக் கண்டும் அதையே செய்தன. 22 நாட் ஓடும் காவலாளிக்கு எட்டு 15 அங்குலப் பீரங்கி போதும், துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை. 1944 ஜூன் 6-இல் நார்மண்டியின் ஸ்வோர்டு கரைக்கு எதிரே வார்ஸ்பைட்டும் ராமிலீஸும் சேர்ந்தே சுட்டன. கரையைச் சுட வேகம் எதற்கு?

திருகோணமலையில் 1944 ஆகஸ்ட் 8-இல் வேலியன்டுக்கு நேர்ந்தது வேறு வகை விபத்து. மிதவைத் துறைக்குள் ஏற்றித் தூக்கும்போது நீர்த்தொட்டிகளைச் சரியாகச் சமன் செய்யாததால் துறையே முறிந்து மூழ்கியது. கப்பல் தப்பியது. ஆனால் கப்பலை உந்தும் சுழல்விசிறிகளும் சுக்கானும் அடிபட்டன, அதன்பின் அது போருக்குத் திரும்பவில்லை.

ராயல் சாவரினை 1944-இல் சோவியத் யூனியன் அர்க்கங்கெல்ஸ்க் என்ற பெயரில் இரவல் வாங்கி 1949-இல் திருப்பித் தந்தது. உடைக்கப்பட்டபோது அதன் கோபுரச் சுழற்சிப் பற்சட்டங்களும் ரிவெஞ்சின் சட்டங்களும் இங்கிலாந்தின் ஜோட்ரெல் பேங்க் வானொலித் தொலைநோக்கிக்குப் போயின. வார்ஸ்பைட் 1947-இல் உடைப்புத் துறைக்கு இழுத்துச் செல்லும்போதே கயிறு அறுந்து கார்ன்வால் கரையில் ஏறிவிட்டது. அதை அங்கேயே ஆண்டுக்கணக்கில் துண்டு துண்டாக வெட்டினார்கள்.