பாதி ஆட்டத்தில் அணையும் பிசி: புது எஸ்எம்பிஎஸ்ஸா, பவர் லிமிட் குறைப்பா?

சாதாரண வேலையில் பிசி மணிக்கணக்கில் ஓடும். கேம் சூடு பிடித்ததும் பட்டென்று அணையும். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பிழைக்குறிப்பு மட்டும் இருக்கும். முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்று சொல்லுமே தவிர, அது காரணம் சொல்லாது. வெப்பநிலை சரி என்றால் முதல் சந்தேகம் பிசிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் மேல்தான். ஆர்டிஎக்ஸ் 3080 கிராஃபிக்ஸ் கார்டுக்கு 320 வாட் என்று போட்டிருந்தாலும், கண நேரத்துக்கு அதைவிட நிறையவே இழுக்கும். எஸ்எம்பிஎஸ் அதை ஆபத்தாக எடுத்துக்கொண்டு தன்னை அணைத்துக்கொள்ளும். வழி இரண்டு: கார்டு இழுக்கும் மின்சாரத்தின் உச்ச வரம்பை, அதாவது பவர் லிமிட்டைக் குறைப்பது, அல்லது எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுவது.

செலவு: லிமிட் குறைக்கக் காசில்லை, அதற்கான ஆஃப்டர்பர்னர் மென்பொருள் இலவசம். நல்ல 750 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுக்குச் சில ஆயிரம் ஆகும்.

வேலை: ஒன்று, ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட் ஸ்லைடரை 80 சதவீதத்துக்கு இழுப்பது. மற்றது, கேபினெட்டைப் பிரித்து மேய்வது.

வேகம்: லிமிட் குறைத்தால் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை காட்சிகள்) கொஞ்சம் குறையும், பலருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

நிலைப்பு: இதில் எஸ்எம்பிஎஸ்தான். பழையது தளர்ந்துபோயிருந்தால் ஸ்லைடர் நாளைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

முதலில் லிமிட்டைக் குறைத்துப் பாருங்கள். அணைவது நின்று, எஸ்எம்பிஎஸ்ஸும் புதிது, 750 வாட் என்றால் அப்படியே விடலாம். 550 வாட் அல்லது பெயர் தெரியாத பிராண்ட் என்றால் மாற்றிவிடுங்கள். அப்புறம், பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் மாடுலர் கேபிளை (கழற்றி மாட்டும் வகை) புதியதில் செருகாதீர்கள். பின் அமைப்பு மாறினால் கார்டே போய்விடும்.