பட்டியலில் இரட்டிப்பை நீக்க எந்த நிரல்துண்டு?

பைத்தான் நிரல்மொழியில் ஒரு பட்டியலில் திரும்பத் திரும்ப வரும் பதிவுகளை நீக்க மூன்று நிரல்துண்டுகள் புழக்கத்தில் உள்ளன. ஒரே பதிவை இருமுறை வைக்காத தொகுப்பான செட்டாக மாற்றி மீண்டும் பட்டியலாக்குவது ஒன்று. சாவியும் மதிப்புமாகச் சேமிக்கும் டிக்ஷனரியில், பதிவுகளையே சாவிகளாக்கும் ஃபிரம்கீஸைப் பயன்படுத்துவது இன்னொன்று. கண்ட பதிவுகளைக் குறித்துக்கொண்டே, ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்லும் லூப் ஓட்டுவது மூன்றாவது.

செட் வழி மிகச் சுருக்கமானது. ஆனால் வரிசையைக் காப்பதில்லை. மதுரை, கோவை, மதுரை, சேலம் என்று கொடுத்தால் மூன்று ஊர்கள் மிஞ்சும். அவை எந்த வரிசையில் வரும் என்பது ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறக்கூடும், ஏனெனில் பைத்தான் 3.3 முதல் சரங்களின் (எழுத்துத் தொடர்களின்) ஹேஷ் மதிப்பு, அதாவது செட்டில் அவற்றின் இடத்தைத் தீர்மானிக்கும் எண், ஓட்டத்துக்கு ஓட்டம் வேறுபடுகிறது. 1, 2, 3 போன்ற சிறு எண்களை வைத்துச் சோதிப்பவருக்கு வரிசை குலையாதது போலவே தோன்றும் என்பதுதான் இதிலுள்ள பொறி.

அன்றாட வேலைக்கு நான் எடுப்பது லிஸ்ட்(டிக்ட்.ஃபிரம்கீஸ்(ஊர்கள்)) என்ற ஒற்றை வரியைத்தான். முதலில் வந்த பதிவு அதனதன் இடத்திலேயே நிற்கும். 2018இல் வெளிவந்த 3.7 பதிப்பிலிருந்து, டிக்ஷனரியில் சேர்த்த வரிசை மாறாது என்பது மொழியின் விதியாகவே ஆகிவிட்டது.

லூப் வழிக்கு நான்கைந்து வரிகள் தேவைப்பட்டாலும், ஒப்பிட வேண்டியது எது என்பதை நாமே தீர்மானிக்கும் வசதி இதில்தான் இயல்பாக அமைகிறது. வாடிக்கையாளர் பதிவுகளைத் தொலைபேசி எண்ணை மட்டும் பார்த்துச் சலிக்கலாம், பெரிய கோப்பையும் வரிவரியாகப் படித்துக்கொண்டே வடிகட்டலாம். பதிவுகள் பட்டியல்களாகவோ டிக்ஷனரிகளாகவோ இருந்தால் முதல் இரண்டு வழிகளும் டைப்எரர் என்ற பிழையைக் காட்டி நின்றுவிடும். ஒரு எச்சரிக்கை: கண்டவற்றைக் குறித்துவைக்கும் இடம் செட்டாக இருக்க வேண்டும். அதைப் பட்டியலாக வைத்தால், ஒன்றுக்கொன்று வேறான 10,000 பதிவுகளுக்கு ஏறத்தாழ 5 கோடி ஒப்பீடுகள் நடக்கும்.

தமிழ்ப் பெயர்களைச் சலிப்பவர்களுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. ‘கோவை’யின் ஓகாரக் குறி யூனிகோடில் ஒற்றைக் குறியாகவும் இருக்கலாம், ஏகாரக் கொம்பும் காலும் என இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைத்தானுக்கோ இரண்டும் வெவ்வேறு ஊர்கள். யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸைக் கொண்டு, பிரிந்த குறிகளை ஒற்றைக் குறியாக இணைக்கும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றிய பின்னரே ஒப்பிட வேண்டும். சேமித்து வைத்திருக்கும் என் லூப் துண்டில் அந்த வரி நிரந்தரமாகவே இடம்பெற்றிருக்கிறது.