பல ஆர்வம் உள்ளவர்களுக்கு ஓநெட் இன்ட்ரஸ்ட் புரொஃபைலர் உதவுமா?

கேரியர் டெஸ்டுகளை எல்லாம் ஆர்வம் ஒன்றிரண்டு மட்டும் இருப்பவர்களுக்காகத்தான் செய்கிறார்களோ என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். வானியல், மரவேலை, இலக்கணம், கோடிங், பழைய வரைபடங்கள், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது என்று நீட்டிக்கொண்டே போகிற என்னைப் போன்ற ஆளுக்கு அவை தருகிற பதில் பெரும்பாலும் "நீங்கள் பன்முகத் திறமை கொண்டவர்" என்பதுதான். காசு கட்டி எழுதிய ஒரு டெஸ்ட், பெயர் வேண்டாம், வண்ண வண்ண வட்டங்களோடு தடிமனான அறிக்கை ஒன்றை அனுப்பியது. என்னைப் பாராட்டாத பக்கமே அதில் இல்லை. என்ன வேலைக்குப் போகலாம் என்று சொல்கிற பக்கமும் இல்லை. அதனால் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஆதரவில் இலவசமாகக் கிடைக்கும் ஓநெட் இன்ட்ரஸ்ட் புரொஃபைலர் என்ற இந்த ஆர்வ டெஸ்டைப் பெரிய எதிர்பார்ப்பு இல்லாமல்தான் திறந்தேன்.

மை நெக்ஸ்ட் மூவ் என்ற இணையதளத்தில் இருக்கிறது. உள்ளே போக கணக்குத் தொடங்க வேண்டாம். 60 கேள்வி உள்ள வடிவத்தைத்தான் நான் எழுதினேன். ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு வேலை: செங்கல் அல்லது டைல்ஸ் பதிப்பது, புதிய மருந்தை உருவாக்குவது, புத்தகமோ நாடகமோ எழுதுவது, ஒருவருக்கு உடற்பயிற்சி கற்றுத்தருவது, கடையை நிர்வகிப்பது, பதிவேடுகளில் பிழை திருத்துவது. சுத்தமாகப் பிடிக்காது என்பதிலிருந்து ரொம்பப் பிடிக்கும் என்பது வரை ஐந்து பதில்களில் ஒன்றை அழுத்த வேண்டும். அந்த வேலைக்கு உங்களிடம் படிப்பு இருக்கிறதா, சம்பளம் எவ்வளவு என்றெல்லாம் யோசிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

எனக்கு இதில் பிடித்ததே இந்தக் கேட்கும் விதம்தான். வானியல் பிடிக்குமா, வரலாறு பிடிக்குமா என்று எங்குமே கேட்பதில்லை. என்னென்ன செய்யப் பிடிக்கும் என்று மட்டும்தான் கேட்கிறது. பல ஆர்வம் உள்ளவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நாம் பட்டியல் போடுவது துறைகளை. ஆனால் வேலைக்குப் போனால் காலை முதல் மாலை வரை இருப்பது செயல்கள்: அளப்பது, எழுதுவது, விளக்குவது, பேரம் பேசுவது, சரிபார்ப்பது. வானத்தைப் பார்க்கப் பிடித்தவருக்கு, வந்து குவியும் தரவை நாள் முழுக்க அலசிக்கொண்டிருப்பது பிடிக்கும் என்று யார் சொன்னது?

பிழை திருத்துவது பற்றிய வரி வந்தபோது என் விரல் யோசிக்காமல் ரொம்பப் பிடிக்கும் என்பதற்குப் போனது. அப்புறம்தான் உறைத்தது. இலக்கணத்தில் எனக்குப் பிடித்ததும் அதுதான், கோடிங்கில் பிடித்ததும் அதுதான், பழைய வரைபடங்களில் ஊர்ப்பெயர்களை ஒப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் அதுதான். மூன்று தனித்தனி ஆர்வம் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தது, தப்பு எங்கே இருக்கிறது என்று தேடும் ஒரே வேலை. எந்தப் பாராட்டு அறிக்கையும் இதை எனக்குச் சொல்லவில்லை.

மதிப்பெண் போடும் முறை ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் 1959-ல் வெளியிட்ட கோட்பாட்டை ஒட்டியது. (இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ராணுவத்தில் ஆட்களை நேர்காணல் செய்யும் வேலையில் இருந்தவர். மனிதர்களைச் சில வகைகளுக்குள் அடக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் வந்தது.) கையால் செய்வது, ஆராய்வது, படைப்பது, பிறருக்கு உதவுவது, ஆட்களை நடத்துவதும் விற்பதும், ஒழுங்குபடுத்துவது என்று ஆறு வகை. வகைக்குப் பத்து கேள்வி, 0 முதல் 40 வரை மதிப்பெண். ஹாலண்ட் இந்த ஆறையும் இதே வரிசையில் ஒரு அறுகோணத்தின் மூலைகளில் வைத்தார். பக்கத்து மூலைகள் ஒன்றுக்கொன்று உறவுக்காரர்கள், எதிரெதிர் மூலைகள் ஒட்டாதவை. எனக்கு உயரமாக வந்தவை படைப்பதும் ஒழுங்குபடுத்துவதும். இரண்டும் நேர் எதிர் மூலைகள்! அப்படி இருப்பது தப்பு இல்லை. இரண்டுக்கும் இடம் தரும் வேலைகள் குறைவு, தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். அதைத் தெரிந்துகொண்டதே எனக்கு லாபம்.

குறை என்றால், எல்லாவற்றுக்கும் பிடிக்கும் என்று அழுத்துகிறவரிடம் இந்த டெஸ்ட் தோற்றுப்போகும். ஆறு வகைகளின் மதிப்பெண் பட்டைகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். வகைகளுக்கு இடையே இப்படி வித்தியாசம் தெரியாவிட்டால் கணிப்பு பலவீனமாகத்தான் இருக்கும் என்று ஹாலண்டின் கோட்பாடே ஒப்புக்கொள்கிறது. முதல் முறை எனக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் வந்தது. மறுபடி எழுதும்போது ஒரு விதி வைத்துக்கொண்டேன்: யாரும் பாராட்டாவிட்டாலும், களைப்பாக இருந்தாலும், மாதக்கணக்கில் தினமும் செய்வேன் என்றால்தான் "ரொம்பப் பிடிக்கும்". ஒரு தடவை செய்து பார்க்க ஆசை என்றால் நடுவில் இருக்கும் "தெரியவில்லை". புத்தகம் எழுதுவது அந்த விதியில் தாக்குப்பிடித்தது. இசைக்கருவி வாசிப்பது பிடிக்கவில்லை என்று இல்லை, தினமும் என்றால்தான் கை தயங்கியது. சரி, அது பொழுதுபோக்காகவே இருக்கட்டும். இந்த விதியை டெஸ்டே முதல் பக்கத்தில் சொல்லியிருந்தால் என்னைப் போன்றவர்களுக்கு நேரம் மிச்சமாகியிருக்கும்.

மதிப்பெண்ணுக்குப் பிறகு, எவ்வளவு படிப்பும் பயிற்சியும் எடுக்கத் தயார் என்று 1 முதல் 5 வரை ஒரு நிலையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. முதல் நிலை ஏறக்குறைய எந்தப் பயிற்சியும் வேண்டாத வேலைகள், ஐந்தாவது பல வருடப் படிப்பு. ஆர்வம் நிறைய உள்ளவர்கள் இந்த இடத்தை அவசரமாகத் தாண்ட வேண்டாம். கடைசியில் எனக்குப் பொருந்தும் என்று அது தந்த வேலைகளின் பட்டியலைப் பாதியாகக் குறைத்தது மதிப்பெண் அல்ல, இந்த நிலைதான். இன்னொரு நீண்ட படிப்புக்கு நான் தயாராக இல்லை என்று ஒரு பொத்தானை அழுத்திச் சொன்னபோது மனசு லேசாக வலித்தது, அது வேறு கதை.

இது ஆர்வத்தை மட்டும்தான் அளக்கிறது, திறமையை அல்ல. படம் வரையப் பிடிக்கும் என்பவருக்கு வரைய வருமா என்று இதற்குத் தெரியாது, தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதும் இல்லை. அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருந்தது. பட்டியலில் வரும் வேலைப் பெயரைப் பார்த்ததும் மூடிவிடாமல், ஒவ்வொன்றையும் திறந்து அந்த வேலையில் என்னென்ன செய்வார்கள் என்ற பகுதியைப் படியுங்கள். பெயர் அலுப்பாகத் தெரிந்த சிலவற்றில்தான் எனக்குப் பிடித்த செயல்கள் கிடந்தன. அதே பக்கத்தில் வரும் சம்பளமும் வேலைவாய்ப்பு நிலவரமும் அமெரிக்கக் கணக்கு. வேறு நாட்டில் வேலை தேடுகிறவர்கள் அதை விட்டுவிடலாம்.